டைனோவில் புலி, ரோட்டில் பூனை!

“டைனோவுல 10 பவுண்டு பூஸ்ட்... ரோட்டுல 7தான் வருது சார்!” என்று சூப்பர்சார்ஜர் பிரியர்கள் புலம்பினால், நான் கேட்கும் முதல் கேள்வி: “எத்தனை ஆர்.பி.எம்.ல?”

சென்ட்ரிஃப்யூகல் ரகத்தில் பூஸ்ட், சுழற்சி வேகத்தின் வர்க்கத்தை ஒட்டி ஏறும். 6,000-ல் 10 என்றால் 5,000-ல் சுமார் 7தான். டைனோவில் சிவப்புக் கோடு வரை மிதிக்கலாம்; ரோட்டில் முன்னால் லாரி நிற்குமே!

அதே ஆர்.பி.எம்.மிலும் குறைகிறதா? பெல்ட்டைப் பாருங்கள். தண்ணீர் தெறித்தாலே வழுக்கும். ஆர்.பி.எம். ஏற ஏற முள் இறங்கினால் பெரும்பாலும் அதுதான். புல்லியைச் சுற்றிக் கறுப்புத் தூள் சாட்சி சொல்லும்.

ஓட்டுவது 1,600 மீட்டர் உயர டென்வரிலா? அங்கே காற்றழுத்தமே சுமார் ஆறில் ஒரு பங்கு கம்மி.

இதையெல்லாம் பார்க்காமல், “சின்ன புல்லி மாட்டுப்பா” என்று அவசரப்பட்டால் பூஸ்ட் ஏறும்தான். பிஸ்டனில் ஓட்டை விழலாம். பர்ஸில் நிச்சயம் விழும்!