ஹவுளுத் தண்ணீர்

மணமேல்குடியைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், கோபாலப்பட்டினம், மீமிசல் என்று புதுக்கோட்டை மாவட்டத்தின் கடலோர ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். கூப்பிடு தூரத்தில் கடல். ஆனால் வாயில் வைக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் குடத்தோடு காத்திருக்க வேண்டும். கிணறு தோண்டினால் பல இடங்களில் உப்புக் கரிக்கும். காவிரியின் கடைசிக் கை இந்தப் பக்கம் நீள்வது கல்லணைக் கால்வாய் வழியாகத்தான். அதுவும் மும்பாலை ஏரியோடு முடிந்துவிடுகிறது.

அப்படிப்பட்ட ஊர் ஒன்றில், சித்திரை வெயிலில், ஒரு பள்ளிவாசலுக்குள் போனேன். தொழப் போகவில்லை, நிழலுக்குப் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு முற்றத்துக் கல்லில் கால் வைத்ததும் சுட்டது. நாலெட்டு தள்ளி ஹவுள். சதுரமான கல் தொட்டி, இடுப்பளவு ஆழம். சுற்றிலும் உட்கார்வதற்கு ஒரு சாண் உயரத்தில் கல் வரிசை. உட்கார்ந்தவரின் காலடியில் ஒரு வடிகால். முகம் கழுவிய தண்ணீர் திரும்பத் தொட்டிக்குள் விழாமல் அதன் வழியாக வெளியே போய்விடும். பாசி தின்ன விட்ட சின்ன மீன்கள் நிழலோரமாக ஒதுங்கிக் கிடந்தன. நண்பகல் தொழுகையான லுஹரின் பாங்குக்கு இன்னும் நேரமிருந்தது. பாங்கு சொல்லும் வயதான மோதினார் துடைப்பத்தோடு வந்தவர் என்னைப் பார்த்தார். யார், எந்த ஊர் என்று கேட்கவில்லை. “வெயில்ல வந்திருக்கீங்க. மொதல்ல மூஞ்சியக் கழுவுங்க தம்பி” என்றார்.

அந்தத் தண்ணீரின் குளிர்ச்சி இன்னும் நினைவிருக்கிறது.

அரபியில் நீர்த்தொட்டியைக் குறிக்கும் சொல்தான் தமிழ் முஸ்லிம்களின் வாயில் ஹவுள், ஹவுளு என்று ஆனது. தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவுவது ஒளு. நோன்பு மாதம் ரமளான். கட்டாயக் கடமை பர்ளு. இந்த நான்கிலும் ஒரே அரபி எழுத்து இருக்கிறது. உலகின் பல இடங்களில் அதை ‘ஸ’ என்றும் ‘த’ என்றும் உச்சரிக்க, தமிழன் தன் நாக்குக்குப் பழகிய ‘ள’வைக் கொடுத்தான். குளம், வெள்ளம், துளி என்று தண்ணீர்ச் சொற்களில் புரளும் அதே ‘ள’.

ஒளுவுக்கு ஒரு வரிசை உண்டு. மனதில் நிய்யத்து, அதாவது எண்ணம் வைத்து, முன்கை, வாய், மூக்கு, முகம், முழங்கை வரை, தலையில் ஈரக்கையால் ஒரு தடவல், காது, கடைசியில் கணுக்கால் வரை பாதம். கழுவும் உறுப்புகளை மூன்று முறை கழுவுவது நபிவழி. உறுப்பைக் கழுவும் நீரோடு அந்த உறுப்பு செய்த பாவமும் வழிந்துபோகிறது என்று ஹதீஸ் சொல்கிறது. மறுமையில் நபிகளுக்கு ஒரு தடாகம் தரப்படும், அதில் ஒரு முறை குடித்தவருக்கு அப்புறம் தாகமே இல்லை என்பதும் நம்பிக்கை. அதன் பெயர் ஹவுளுல் கவ்ஸர். அங்கே வரும் கூட்டத்தில் தம் மக்களை நபிகள் எப்படி அடையாளம் காண்பார்? ஒளு செய்த உறுப்புகள் ஒளிவிடுமாம். பள்ளிவாசல் முற்றத்துத் தொட்டிக்கும் மறுமையின் தடாகத்துக்கும் ஒரே சொல். இங்கே கழுவிய கையும் முகமும்தான் அங்கே அடையாளம்.

தாஜ்மஹால் தோட்டத்தின் நடுவே உயர்ந்த பளிங்குத் தொட்டி ஒன்று இருக்கிறது. கல்லறை மாடம் தலைகீழாகத் தெரிய வேண்டும் என்று சுற்றுலா வருகிறவர்கள் அதன் பக்கத்தில் நின்றுதான் படம் எடுப்பார்கள். அதன் பெயரும் கவ்ஸர் தடாகம்தான். பாரசீகத்தின் சார்பாக், அதாவது நான்கு வாய்க்கால்கள் நான்காக வகுக்கும் தோட்டம், இஸ்லாத்துக்கும் முந்தியது. ஆனால் சொர்க்கத்தில் தண்ணீர், பால், தேன், மது என நான்கு ஆறுகள் ஓடுவதாகக் குர்ஆன் சொன்ன பிறகு அந்த வடிவத்துக்குப் புதுப் பொருள் வந்துவிட்டது. ஸ்பெயினில் கிரனடாவின் அல்ஹம்ரா மாளிகையில், சிங்க முற்றத்தின் நீரூற்றை நோக்கி நான்கு பக்கமும் வாய்க்கால்கள் அமைந்திருப்பதும் இந்த வழியில்தான். இந்தியாவுக்கு வந்த பாபர், இங்கே தோட்டங்களில் ஓடும் தண்ணீர் இல்லையே என்று தன் நினைவுக் குறிப்பில் குறைப்பட்டார். ஆக்ராவில் தோட்டம் போட்டு வாய்க்கால் வெட்டினார்.

புதுக்கோட்டையில் யாரும் சார்பாக் போடவில்லை. ஓடவிடத் தண்ணீர் ஏது? வெள்ளாறே வருஷத்தில் பாதி நாள் மணலாகக் கிடக்கிறது. இந்த மண்ணின் தண்ணீர் நிற்கும் தண்ணீர்: கண்மாய், குளம், ஊர் உண்ணும் நீரான ஊருணி. பெய்தபோது பிடித்து, வருஷம் முழுக்க வைத்து உண்ணப் பழகிய மக்கள் கட்டிய பள்ளிவாசலில் நீரூற்று இருக்காது, ஹவுள்தான் இருக்கும். அல்ஹம்ராவின் தண்ணீர் பேசிக்கொண்டே ஓடுகிறது. நம்முடையது பேசாமல் நின்று வானத்தைக் காட்டுகிறது. இதைக் குறையாக நான் நினைக்கவில்லை. தொழுகைக்கு முன் மனம் அடங்க வேண்டுமென்றால் எனக்கு நிற்கும் தண்ணீர்தான் பொருத்தமாகப் படுகிறது.

17-ஆம் நூற்றாண்டில் உமறுப்புலவர் நபிகளின் வரலாறான சீறாப்புராணத்தைப் பாடியபோது நாட்டுப்படலத்தில் அரபு நாட்டை எப்படிக் காட்டினார்? மழை பொழிந்து, வெள்ளம் பெருகி, வயல் விளையும் மருத நிலமாக. பாலைவனம் அவருக்குத் தெரியாமல் இல்லை. நபிகள் பிறந்த நாட்டுக்குத் தமிழ்ப் புலவன் தரக்கூடிய மிகப் பெரிய மரியாதை, அதைத் தண்ணீர் உள்ள நாடாக்குவது.

இதே மாவட்டத்தில் சித்தன்னவாசல் குடைவரைக்குள் அண்ணாந்து பார்த்தால் விதானத்தில் ஒரு தாமரைக் குளம். மீன், பறவை, யானை, மலர் பறிக்கும் மனிதர்கள். 9-ஆம் நூற்றாண்டுச் சமண ஓவியம். தீர்த்தங்கரர் அறம் உரைக்கும் சபையான சமவசரணத்துக்குப் போகும் வழியில் உள்ள குளம் அது என்கிறார்கள் அறிஞர்கள். மேலே போகும் வழியில் ஒரு நீர்நிலையைத் தாண்ட வேண்டும் என்ற எண்ணம் இந்தச் செம்மண் பூமிக்குப் பழையது. சமணர் இருக்கைக்கு வழங்கிய ‘பள்ளி’ என்ற சொல்தான் பின்னால் பள்ளிவாசல் என்றும் ஆகியது. தண்ணீரும் அந்தச் சொல்லோடு கூடவே வந்துவிட்டதோ என்று எனக்குத் தோன்றும்.

ஹவுளின் அளவும் யாரோ கொத்தனார் கண்பார்வையில் போட்டதல்ல. கடலோர மரைக்காயர்கள் பெரும்பாலும் ஷாபிஈ சட்ட வழியினர். உள்நாட்டு ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனபி. ஷாபிஈ சட்டத்தில் இரண்டு குல்லத், ஏறக்குறைய 200 லிட்டருக்குக் குறைந்த தண்ணீரில் அசுத்தம் விழுந்தாலே அது கெட்டது. அதற்கு மேலே என்றால் நிறமோ மணமோ சுவையோ மாறாதவரை சுத்தம்தான். ஹனபிகளின் பிற்காலச் சட்ட நூல்கள் 10 முழ நீளம், 10 முழ அகலம் என்று கணக்கு வைத்தன. நூறு பேர் கைவிட்டும் கெடாத தண்ணீர் எவ்வளவு என்ற கேள்விக்கு விடையாகத்தான் இந்தத் தொட்டிகள் பெரிதாக இருக்கின்றன. நபிகள் ஒளுவுக்குச் செலவிட்டது ‘முத்து’ என்ற அரபு அளவில் ஒன்று, அதாவது ஏறக்குறைய முக்கால் லிட்டர் தண்ணீர். ஓடும் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தாலும் வீணாக்காதே என்றும் சொல்லியிருக்கிறார்.

இப்போது பல ஊர்களில் ஹவுளைத் தூர்த்து டைல்ஸ் ஒட்டிக் குழாய் வரிசை வைத்துவிட்டார்கள். உள்நாட்டு ஊர் ஒன்றில் அப்படி மூடிய இடத்தின் மேல் இருசக்கர வண்டிகள் நின்றதைப் பார்த்து எனக்கு மனசு ஆறவில்லை. முழங்கால் வலிக்கும் பெரியவர்களுக்குக் குழாய் வசதி, கொசுத் தொல்லை இல்லை, கூட்டமும் பெருகிவிட்டது. எல்லாம் சரிதான். ஆனால் குழாயில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. ஹவுளில் தெரியும். கோடையில் மட்டம் படிக்கல்லை விட்டு இறங்கும்போது ஊருக்கே தெரியும். குழாய் வையுங்கள், ஹவுளையும் விட்டு வையுங்கள் என்று ஜமாஅத்துப் பெரியவர்களிடம் கையெடுத்துக் கேட்பேன்.

அன்று அந்தக் கடலோரப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடித்ததும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மதரஸாப் பையன் ஒருவன் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். முகத்தை மூன்று முறை கழுவிவிட்டு, வெயிலுக்குச் சுகமாக இருந்ததோ என்னவோ, நாலாவது தடவையும் கை கோரினான்.

“மூணு போதும்டா” என்றார் மோதினார்.

பையன் கோரிய தண்ணீரை என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு கணம் விழித்தான். பிறகு காலடியிலிருந்த வடிகாலில் விட்டான். அது சுவரோர ஓட்டை வழியாக வெளியேறி, வாசல்புறத்தில் நின்ற இரண்டு தென்னைகளின் அடிக்குப் போய்ச் சேர்ந்தது.