பால்பல்லுக்கு ஏன் சிமெண்டு?

கிளாஸ் அயனோமர் சிமெண்டு என்றதும் நம்மவர்களின் நினைவுக்கு வருபவை ஜன்னல் கண்ணாடியும் வீடு கட்டும் சிமெண்டும்தான். இவற்றையா பிள்ளையின் வாய்க்குள் வைக்கப் போகிறீர்கள் என்று தாய்மார்கள் திகைப்பதில் வியப்பில்லை. பல் மருத்துவம் பயிலும் மாணவன் என்ற முறையில் இதனை நம் மொழியிலேயே விளக்கிப் பார்க்கலாம் என எண்ணினேன்.

லண்டனில் இருந்த அரசாங்க வேதியியல் ஆய்வகத்தில் ஆலன் வில்சன், பிரையன் கெண்ட் ஆகிய இருவர் 1969இல் இதனை உருவாக்கி, 1972இல் பல் மருத்துவ உலகிற்கு அறிவித்தனர். சிலிக்கா, அலுமினா, கால்சியம் புளோரைடு முதலியவற்றை ஆயிரம் பாகை செல்சியசுக்கும் மேலான வெப்பத்தில் உருக்கி, சட்டென நீரில் குளிரவைத்து, மாவாக அரைத்த தூள் ஒரு புட்டியில் இருக்கும். மற்றொரு புட்டியில் பாலிஅக்ரிலிக் காடி. தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்குக் காடி என்றாலே பூஞ்சுத்தாள் நினைவுக்கு வந்துவிடும் (தமிழ்நாட்டில் அமிலம் என்பார்கள்). இரண்டையும் குழைத்ததும் காடி, கண்ணாடித்தூளின் மேற்பரப்பைக் கரைக்கிறது. அதிலிருந்து வெளிவரும் கால்சியமும் அலுமினியமும் காடியின் நீண்ட சங்கிலிகளைப் பிணைக்க, கூழ் இறுகிக் கல்லாகிறது. அதே காடி பல்லிலுள்ள கால்சியத்தையும் பற்றிக்கொள்கிறது. தனியாகப் பசை வேண்டியதில்லை.

இதன் அருமை இங்கேதான் இருக்கிறது. வெள்ளி நிற அமால்கம் பல்லோடு ஒட்டாது. அது கழன்று விழாமல் இருக்க, நல்ல பல்லையும் சேர்த்துக் குடைய வேண்டும். அதில் ஏறக்குறைய பாதி பாதரசம் வேறு. மினமாத்தா உடன்படிக்கை நாடுகள் 2022இல், 15 வயதுக்குட்பட்டவர்களுக்கும் கருவுற்ற, பாலூட்டும் பெண்களுக்கும் அதனைத் தவிர்க்கும்படி முடிவெடுத்தன. பல் நிறக் கம்போசிட் அழகானது, வலுவானது. ஆனால் அதனை ஒட்டும்போது பல் உலர்ந்தே இருக்க வேண்டும். நாக்கை ஒரு நிமிடம் அசைக்காமல் வைத்திருக்கும் ஏழு வயதுப் பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை!

குழைப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. கூழ் பளபளப்பாக இருக்கும்போதே குழிக்குள் வைத்துவிட வேண்டும். பளபளப்பு மங்கிவிட்டால் பல்லைப் பற்ற வேண்டிய காடி தீர்ந்துவிட்டது என்று பொருள். அதனைத் தயங்காமல் குப்பையில் போட வேண்டியதுதான்.

பெற்றோர் அடிக்கடி கேட்பது வேறொரு கேள்வி. எங்கள் போதனைக் கிளினிக்கிற்குக் கிள்ளானிலிருந்து மகனை அழைத்து வந்த ஒரு தாய், "பால்பல்லுதானே டாக்டர், எப்படியும் விழப்போவுது. புடுங்கிடுங்களேன்" என்றார். "அக்கா, இந்தப் பல்லு விழ இன்னும் மூணு நாலு வருஷம் ஆகும்" என்று சொல்லிக் கண்ணாடியைக் காட்டினேன். சொத்தையான அந்தக் கடைவாய்ப் பால்பல்லுக்குப் பின்னால் புதிய பல் ஒன்று முளைத்திருந்தது. ஏறக்குறைய ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலேயே, பின்வரிசையில் சத்தமின்றி முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் அது. அதனையும் பால்பல் என்றே அந்தத் தாய் நினைத்திருந்தார். முன்னாலுள்ள பால்பல்லைப் பிடுங்கினால் இது முன்னோக்கிச் சாய்ந்து, பின்னர் வரவேண்டிய பல்லின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சிமெண்டு கசியவிடும் புளோரைடு, அதன் ஓரத்திலுள்ள பல்லுக்கும் ஓரளவு காவலாகிறது. புளோரைடு பற்பசையால் துலக்கும்போது அந்த இருப்பு மீண்டும் கொஞ்சம் நிரம்புகிறது.

1980களின் நடுவில் தான்சானியாவில், மின்சாரமும் துரப்பணமும் இல்லாத இடங்களில், கைக்கருவிகளால் மட்டும் சொத்தையைச் சுரண்டி எடுத்து அடைக்கும் முறை தொடங்கியது. அதற்குக் கைகொடுத்தது இந்தச் சிமெண்டுதான். 1994இல் உலகச் சுகாதார நிறுவனமும் அம்முறையை ஊக்குவித்தது. நம் நாட்டில் 1949 முதல் பினாங்கில் பல் தாதியர் பயிற்சி பெற்றார்கள். பள்ளிதோறும் பல் மருத்துவக் குழு செல்கிறது. என் தமிழ்ப்பள்ளிக்கு அக்குழு வந்த நாளில், துரப்பணத்தின் சத்தம் கேட்டதுமே கழிப்பறைக்குள் ஒளிந்த நண்பர்கள் உண்டு. அவர்களுக்குக் கைக்கருவி எவ்வளவு பெரிய ஆறுதல்! 1972 முதல் குழாய் நீரிலும் புளோரைடு சேர்க்கப்பட்டு வருகிறது. ஆனால் பிரிக்பீல்ட்ஸ் ஜிலேபிக்கும் படுக்கைக்குப் போகுமுன் குடிக்கும் இனிப்பு மைலோவுக்கும் அது மட்டும் ஈடுகொடுக்காது.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். இது தேயும். கடினமாகக் கடித்தால் விரியும். இரண்டு பற்களுக்கு இடையிலுள்ள பெரிய சொத்தையில் அதிக நாள் நிற்காது. அத்தகைய பால்பல்லுக்கு எஃகு உறை போடுவதே மேல். அடைத்த உடனே உமிழ்நீர் படாமலிருக்க மேலே வார்னிஷ் அல்லது வாஸ்லின் தடவுவோம். முழு வலு பெற ஒரு நாளாவது ஆகும். முதல் ஒரு மணி நேரம் எதையும் மெல்லக்கூடாது.

அன்று அந்தத் தம்பி நாற்காலியிலிருந்து இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, ஐஸ்கிரீம் சாப்பிடலாமா என்பதுதான். "கிள்ளான் போய்ச் சேருற வரைக்கும் வாயைத் திறக்காதே" என்று நான் சொல்வதற்குள் அவன் அம்மாவே சொல்லிவிட்டார்.