சட்டைப்பையில் கை வைக்காத ஜேப்படி

சான்பாடாவாசிகளுக்குக் கண்டெய்னர் லாரி புதிதல்ல. சயான்-பன்வேல் நெடுஞ்சாலையில் அவை வரிசை வரிசையாய்ப் போவதைப் பார்த்துப் பழகிவிட்டோம். அவற்றில் பல போய்ச் சேரும் இடம் நாவா ஷேவா துறைமுகம். 2017-ம் ஆண்டு ஜூன் 27-ந் தேதி, செவ்வாய்க்கிழமை, அங்கே ஒரு முனையமே ஸ்தம்பித்தது. வேலைநிறுத்தம் இல்லை. புயல் இல்லை. கம்ப்யூட்டர்கள் கையை விரித்துவிட்டன.

டென்மார்க் நாட்டு மேர்ஸ்க் கப்பல் கம்பெனியின் பங்கில் நடக்கும் 'கேட்வே டெர்மினல்ஸ்' முனையம் அது. எந்தப் பெட்டி யாருடையது, எந்த லாரியில் ஏற வேண்டும் என்ற கணக்கெல்லாம் கம்ப்யூட்டருக்குள். அது கண்ணை மூடியதும் கண்ணெதிரே பெட்டி இருந்தும் உரியவர் யாரென்று சொல்ல ஆளில்லை. பழைய காலம்போலக் கையால் எழுதி வேலையை ஓட்டினார்கள். தேங்கிய சரக்குக்கும் லாரிகளுக்கும் இடம் தேட வேண்டியதாயிற்று.

நச்சு எங்கிருந்து வந்தது தெரியுமா? உக்ரேன் நாட்டில் வரிக் கணக்கு எழுதப் பயன்படும் ஒரு சாதாரண மென்பொருளின் 'அப்டேட்' வழியாக! அதற்கு 'நாட்பெட்யா' என்று பெயர் வைத்தார்கள். திரையில் 300 டாலர் கேட்டது. ஆனால் கொடுத்தாலும் கோப்புகள் திரும்ப வழியில்லை. அழிப்பதே அதன் வேலை. ரஷ்ய ராணுவத்தின் கைவரிசை என்று 2018 பிப்ரவரியில் அமெரிக்காவும் பிரிட்டனும் பகிரங்கமாகக் குற்றம் சாட்டின.

அது புகுந்து பரவிய ஓட்டைகளில் ஒன்றை அடைக்கும் மருந்தை மைக்ரோசாப்ட் கம்பெனி அதே ஆண்டு மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. பல ஆபீஸ்களில் 'அப்புறம் பார்க்கலாம்' என்று விட்டுவிட்டார்கள். மேர்ஸ்க் 10 நாளில் 45,000 கம்ப்யூட்டர்களைப் புதிதாக அமைத்தது. நஷ்டம் 20 கோடி டாலருக்கு மேல். அந்தக் கம்பெனியின் முக்கியமான பதிவு ஒன்று ஆப்பிரிக்காவின் கானாவில் மட்டும் தப்பியது. காரணம், அந்த நேரத்தில் அங்கே கரண்ட் கட்! கரண்ட் போனதற்குச் சந்தோஷப்பட்டவர்கள் உலகிலேயே அவர்கள்தான் இருப்பார்கள்.

அதட்டலுக்குப் பயம்

நம்மிடம் கப்பல் இல்லை, செல்போன் இருக்கிறது. தங்கை கல்யாணத்துக்குச் சேர்த்த பணமும் சீட்டுப் பணமும் அதற்குள்தான். இங்கே நம்மவர்களுக்கு ஒரு பலவீனம் உண்டு. யாராவது ஹிந்தியில் உரத்த குரலில் 'போலீஸ்' என்றால் பாதி உயிர் போய்விடுகிறது. மோசடிப் பேர்வழிகளுக்கு அது நன்றாகத் தெரியும்.

வீடியோவில் காக்கிச் சட்டையோடு ஒருவன் தோன்றுவான். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்தது, உங்களை 'டிஜிட்டல் அரெஸ்ட்' செய்திருக்கிறோம், அறையை விட்டு நகரக்கூடாது, யாரிடமும் பேசக்கூடாது, பணத்தைச் 'சரிபார்க்க' இந்தக் கணக்குக்கு அனுப்பு என்பான். இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்றே கிடையாது. 2024 அக்டோபர் 27-ந் தேதி வானொலி உரையில் பிரதமரே இதைச் சொன்னார். போனை வைத்துவிடுவதால் எந்தக் குற்றமும் வராது.

ரெயில்வே கவுண்ட்டரில் இருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. மொழி தெரியாத பலர் செல்போனையே அடுத்தவர் கையில் கொடுத்து, ரகசிய எண்ணையும் வாய்விட்டுச் சொல்கிறார்கள். பின்னால் நிற்கும் பத்துப் பேர் காதிலும் விழுகிறது! யு.பி.ஐ. ரகசிய எண் பணம் அனுப்புவதற்குத்தான். பணம் வாங்குவதற்கு அது வேண்டவே வேண்டாம். 'உங்களுக்குப் பணம் வந்திருக்கிறது, எண்ணை அழுத்துங்கள்' என்றால் அழுத்தியதும் போவது உங்கள் பணம்.

கல்யாணப் பத்திரிகை, கரண்ட் பில், டிக்கெட் ரீபண்ட் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் கோப்பின் வாலில் 'ஏ.பி.கே.' என்று இருந்தால் தொடாதீர்கள். அது பத்திரிகை அல்ல. உங்கள் குறுஞ்செய்திகளைப் படிக்கக்கூடிய செயலி. வங்கியின் உதவி எண்ணை கூகுளில் தேடாமல் பாஸ்புக்கிலோ ஏ.டி.எம். கார்டின் பின்புறமோ பாருங்கள்.

இளைஞர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 'உன் வங்கிக் கணக்கைச் சில நாள் கொடு, கமிஷன் தருகிறேன்' என்று வருவார்கள். திருட்டுப் பணம் கைமாறுவது அப்படி இரவல் வாங்கிய கணக்குகளில்தான். பிறகு போலீஸ் தேடி வருவது கணக்குக்காரனைத்தான். கமிஷன் கொடுத்தவனை அல்ல.

பணம் போய்விட்டால்

அழுதுகொண்டு நிற்க நேரமில்லை. உடனே 1930-க்குப் போன் செய்ய வேண்டும். திருடன் பணத்தைக் கணக்குவிட்டுக் கணக்கு மாற்றி எடுப்பதற்குள் தகவல் வங்கிக்குப் போனால், மிச்சத்தையாவது முடக்கிவைக்க முடியும். மறுநாள் டியூட்டி முடிந்து பார்க்கலாம் என்றால் பெரும்பாலும் காலிதான். பணம் போன நேரம், தொகை, பரிவர்த்தனை எண் மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வங்கிக்கும் தனியாகப் புகார் கொடுத்து, புகார் எண்ணை எழுதி வாங்குங்கள்.

ஏன் எழுத்தில்? 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை அப்படி. உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வெளியார் கைவரிசையால் பணம் போய், வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாளுக்குள் புகார் கொடுத்தால் நஷ்டம் உங்களுக்கு இல்லை என்றது. ரகசிய எண்ணை நீங்களே சொல்லியிருந்தால் நஷ்டம் உங்கள் தலையில்; ஆனால் புகார் கொடுத்த பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. புகார் கொடுத்த நேரத்துக்குச் சாட்சி அந்த எண்தான்.

விடுமுறையில் திருநெல்வேலிக்குப் போயிருக்கும்போது நடந்தாலும் கூப்பிட வேண்டியது இதே 1930-ஐத்தான்.