விரிதாள் இணைப்பில் பொது நெடுவரிசைத் தேர்வு
குறுந்தொகைப் புலவர்களின் கருப்பொருள் ஆட்சியை ஆராய, புலவர் பட்டியலையும் கருப்பொருள் பட்டியலையும் கொண்ட இரு விரிதாள்களை இணைக்க வேண்டியுள்ளது. இரண்டிலும் பாடல் எண்ணும் புலவர் பெயரும் உள்ளன எனக் கொள்வோம். எக்செலின் பவர் குவெரி இணைப்பைப் படிநிலைகளாகப் பதிந்துகொள்கிறது. தரவு திருத்தப்பட்டபின் புதுப்பித்தால் அப்படிநிலைகளை மீண்டும் இயக்குகிறது.

புலவர் பெயரைப் பொது நெடுவரிசையாகக் கொள்வது பிழைக்கு இடந்தரும். ‘ஔவையார்’, ‘அவ்வையார்’ என்பன கணினிக்கு இருவேறு பெயர்கள். ‘ஔ’ என்பதை ‘ஒ’, ‘ள’ என இரண்டெழுத்தாகத் தட்டச்சிட்டாலும், கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றுபவை பொருந்தா. எனவே, கடவுள் வாழ்த்து நீங்கலான 401 பாடல்களின் எண்ணே தக்கது.

உள் இணைப்பு, பொருந்தாத வரிசைகளை விட்டுவிடும். இடது எதிர் இணைப்பு, முதல் விரிதாளில் மட்டும் உள்ளவற்றைப் பட்டியலிடும். அப்பட்டியலை முதலில் சரிபார்த்தல் வேண்டும். இன்றேல், தரவில் விடுபட்டதைப் புலவர் பாடாததாகக் கொள்ளும் பிழை முடிவு ஆய்வில் இடம்பெறும்.