வாவிக்கரையும் வறிதே கிடக்கும் இடங்களும்

மட்டக்களப்பு வாவியின் கீழ்க்கரையை எழுவான்கரை என்றும் மேற்கரையைப் படுவான்கரை என்றும் அந்நாட்டு மக்கள் வழங்குவர். ஞாயிறு எழுங் கரை ஒன்று. படுங் கரை மற்றொன்று. நகரின் நெருக்கமும் கல்லூரிகளும் அலுவலகங்களும் எழுவான்கரைப் பக்கத்திலும், வாவியின் நடுவேயுள்ள புளியந்தீவிலும் அமைந்தன. வயலும் குளமும் மேய்ச்சற்றரையும் படுவான்கரைக்கு உரியனவாயின. வவுணதீவு அப்படுவான்கரையின் வாயில் போன்றது. மண்முனை மேற்குப் பிரதேச செயலகம் அமைந்த இவ்வூரிலிருந்து வலையிறவுப் பாலத்தைக் கடந்தால் நகர் அணித்தே உளது. நெல்லும் பாலும் தயிரும் விறகும் இவ்வழியே நகரை அடைந்தன. உப்பும் புடைவையும் மருந்தும் இவ்வழியே திரும்பின.

நகரங்களில் வறிதே கிடக்கும் இடங்களையும் கட்டடங்களையும் மீண்டும் பயன்கொள்ளல் எங்ஙனம் என்னும் வினா இன்று பல நாடுகளில் ஆராயப்படுகின்றது. இவ்வினாவை ஆராய்வதற்கு இவ்வாவிக்கரை மிகப் பொருத்தமான இடமாகும். ஏனெனில், ஓரிடம் பெரும்பாலும் தன் குற்றத்தாற் பாழாவதில்லை. மக்கள் செல்லும் வழி மாறுதலாலேயே பாழாகின்றது. இங்கு வழிகள் பலமுறை மாறியுள்ளன.

முன்னாளில் வாவியே பெருவீதியாய் இருந்தது. இப்பகுதியிற் ‘பாதை’ என்னுஞ் சொல் வீதியைக் குறிப்பதோடு அமையாது, ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றி நீரைக் கடக்கும் மிதவையையும் குறிக்கும். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரத்துத் திருவிழாவுக்கு எழுவான்கரை அடியார்கள் மண்முனைத் துறையிற் காத்துநின்று பாதையேறிச் சென்றனர். 2014ஆம் ஆண்டில் யப்பானின் உதவியுடன் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. அன்றே அத்துறையின் தொழிலும் முடிந்தது. நோயாளர்க்கும் மாணவர்க்கும் பாலம் பெருநன்மை என்பதில் ஐயமில்லை. ஆயினும், பாலங் கட்டுதற்குத் திட்டம் வகுப்போர், அதனால் தொழிலிழக்கும் துறைக்கும் ஒரு திட்டம் வகுப்பது அரிது.

துறையொன்று நற்கதி அடைந்தமைக்கும் இங்கேயே சான்றுண்டு. புளியந்தீவில் வாவிக்கரையிலுள்ள மட்டக்களப்பு வாயில் என்னும் இடம் பழைய இறங்குதுறை. 1814ஆம் ஆண்டில் வந்த மெதடிஸ்தப் போதகர் வில்லியம் ஓல்ட் அவ்வழியே நகருட் புகுந்தார் என்பர். தோணிகள் வாராதொழிந்த பின் அவ்விடம் காந்தி பூங்காவின் ஒரு கூறாயிற்று. மாலைவேளையில் அங்குக் காற்று வாங்குவோர் பலர். நீருக்கும் நிலத்துக்கும் இடைப்பட்டு நிற்றல் என்னும் துறையின் இயல்பு அப்பூங்காவிலும் அழியவில்லை. அது வெற்றிபெற்றதற்கு இதுவே காரணம் எனலாம்.

அணித்தேயுள்ள கோட்டையின் வரலாறு இன்னும் நீண்டது. 1628ஆம் ஆண்டளவிற் போர்த்துக்கேயர் அதனைக் கட்டினர். பத்தாண்டுகளின் பின் 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். இரு பக்கம் வாவியும் இரு பக்கம் அகழியும் காக்க நின்ற அவ்வரண், பீரங்கிப் போர் ஓய்ந்தபின் இடிந்து மண்ணாகியிருக்க வேண்டும். அஃது அவ்வாறு ஆகாமைக்குக் காரணம் ஆங்கிலேயர் காலம் முதலாக அதனுள் அரசாங்க அலுவலகங்கள் இயங்கினமையே. காணி உறுதிக்கும் ஓய்வூதியத்துக்கும் படுவான்கரை உழவர் ஏறி இறங்கிய கச்சேரி அங்கேயே இருந்தது. பீரங்கியைக் கோவைகள் வென்றன எனச் சிரிப்போர் சிரிக்கலாம். ஆயினும் ஆள் நடமாட்டமும் ஆண்டுதோறும் நிகழ்ந்த சிறு திருத்தங்களுமே அச்சுவர்களைக் காத்தன. 2024ஆம் ஆண்டில் திராய்மடுவிற் புதிய மாவட்டச் செயலகம் திறக்கப்பட்டது. இனிக் கோட்டைக்குள் யாது நிகழ்தல் வேண்டும் என்னும் வினா அதனோடு எழுந்தது. அரும்பொருட் காட்சிச்சாலையும் சுற்றுலாவும் எளிதில் நினைவுக்கு வருவன. இவை வெளியாரை ஆண்டில் சில திங்கள் அழைக்கும். கச்சேரியோ உள்ளூராரை நாள்தோறும் அழைத்தது. இவ்வேறுபாடு சிறிதன்று.

எனினும் இப்பொருளிற் பெரிதும் ஆராயத்தக்கது கல்லடிப் பாலமே. தேசாதிபதி மனிங் காலத்தில் அமைந்து, அவர் துணைவியார் பெயரால் வழங்கிய அவ்விரும்புப் பாலம் 1924ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அது மிக ஒடுங்கியது. ஒரு முனையில் வண்டி ஏறினால் மறுமுனை வண்டிகள் காத்து நிற்றல் வேண்டும். தலைமுறைகள் அவ்வாறு காத்து நின்றன. 2013ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அதன் அருகே அகன்ற புதிய பாலம் திறக்கப்பட்டது. பழையது இடிக்கப்படாது நின்றது. 2024இல் நூறு ஆண்டும் நிரம்பியது.

இரும்பின் இயல்பு ஈண்டு நினைவிற் கொள்ளற்பாலது. கடலுக்கு அணித்தான வாவியில் உப்புக் கலந்த ஈரக்காற்று இடைவிடாது வீசும். வர்ணம் உரிந்த இடமெல்லாம் கறள் பிடிக்கும். ஆணியும் பொருத்தும் முதலில் நலியும். பாரவண்டிகள் செல்லுங் காலத்தில் அச்சத்தின் காரணமாகவேனும் சோதனை நிகழும். வண்டிகள் நின்றபின் அச்சமும் நின்றுவிடும். ஆகவே பயன் ஒழிந்த பாலம் பயன்படும் பாலத்திலும் விரைவாக அழியும். வறிதே விட்டுவைத்தல் அதனைக் காத்தல் ஆகாது.

பிற நாட்டார் செய்தன சில உள. அமெரிக்காவில் ஹட்சன் ஆற்றின் மேல், பொக்கீப்சி என்னும் ஊரில் 1889இல் திறக்கப்பட்ட புகையிரதப் பாலம் 1974இல் தீப்பற்றியபின் கைவிடப்பட்டது. முப்பத்தைந்து ஆண்டு கழித்து, 2009இல், நடப்போர்க்கும் துவிச்சக்கரவண்டியினர்க்கும் உரிய பாதையாக அது மீண்டும் திறக்கப்பட்டது. அந்நாட்டிலேயே சட்டனூகா நகரத்தார் 1978இல் மூடப்பட்ட ஆற்றுப் பாலத்தைத் திருத்தி 1993இல் நடைபாலமாக்கினர். தமிழ்நாட்டிலும் இதே வினா எழுந்துள்ளது. 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் புகையிரதப் பாலத்திற் சேவை 2022இல் நின்றது. அருகே புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. கல்லடிக்கும் பாம்பனுக்கும் நோய் ஒன்றே: உப்புக் காற்றும் முதுமையும்.

ஆயினும் கல்லடிக்கு வேறெங்குமில்லாத ஒரு செல்வமுண்டு. முழுநிலாக் காலங்களில் அப்பாலத்தின் அருகே நீரடியிலிருந்து இன்னொலி எழும் என்பதை யாவரும் அறிவர். தோணியில் அமர்ந்து, துடுப்பின் ஒரு முனையை நீரில் விட்டு மறுமுனையைச் செவியில் வைத்துக் கேட்பர். மீன் பாடுகின்றது என்பர் மக்கள். எவ்வுயிரின் ஒலி என்பதில் ஆராய்ச்சியாளர் கருத்து ஒன்றுபடவில்லை. சுவாமி விபுலாநந்தர் 1947இல் வெளிவந்த யாழ்நூலிற் பாடிய நீரரமகளிர் இவ்வொலியினின்று பிறந்தோரே. இத்தகைய ஒலியைக் கேட்டற்கு வேண்டுவது அமைதி. வண்டிகள் நீங்கிய பழைய பாலம் அவ்வமைதிக்கு ஓரளவு இடந்தரும். அங்குப் பல நிற விளக்குகளும் ஒலிபெருக்கியும் அமைத்துக் களிப்பிடமாக்குதல் எளிது. செல்வத்தைக் காக்கும் பெட்டியைத் திறந்து செல்வத்தை ஓட்டுதலுக்கு அது நிகர்.

புதுப் பயன் கொணர்வோர் அஞ்சவேண்டிய வேறொன்றும் உண்டு. நியூயோர்க் நகரில் 1934இல் அமைந்து 1980இற் கைவிடப்பட்ட உயர்ந்த புகையிரத வழி, 2009 முதல் அழகிய பூங்காவாயிற்று. உலகம் அதனைப் போற்றியது. ஆனாற் பூங்காவின் அழகால் அயலிலுள்ள நிலவிலையும் வாடகையும் ஏறின. எளியோர் அவ்வயலில் வாழ்தல் அரிதாயிற்று. கொழும்பிற் காவல் நிலையமாகவும் பயன்பட்டுவந்த ஒல்லாந்தர் மருத்துவமனை 2011இல் கடைகளும் உணவகங்களும் கொண்ட இடமாயிற்று. கட்டடம் பிழைத்தது நன்றே. அங்கு அமர்ந்து தேநீர் அருந்தும் வசதி எத்தனைபேருக்கு உண்டு என்பது மற்றொரு கணக்கு.

இனி, வவுணதீவுப் பக்கத்து உழவரும் இடையரும் இப்பொருளிற் கூறக்கூடியது ஒன்றுண்டு. நகரிலிருந்து வரும் அலுவலர் கண்ணுக்குத் தரவை வெறுநிலமாகத் தோன்றும். வேலியில்லை, பயிரில்லை, பெயர்ப்பலகையும் இல்லை. ஆனாற் பெரும்போகத்தில் வயலெல்லாம் நெல் நிற்குங்கால் மாடுகள் செல்வதற்கு வேறிடம் இல்லை. அறுவடை முடிந்தபின் அவை தாளுண்ண வயலுக்குத் திரும்பும். அப்போது தரவை புல் தழைக்க ஓய்ந்து கிடக்கும். ஒரு திங்களிற் பார்ப்பவன் தரவையைப் பாழ் என்பான். மறு திங்களிற் பார்ப்பவன் வயலைப் பாழ் என்பான். இரண்டும் ஒரே தொழிலின் இரு கைகள். மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சற்றரைகளில் வெளியார் பயிரிடத் தொடங்கியமையை எதிர்த்துப் பண்ணையாளர் 2023 செப்ரெம்பரிற் சித்தாண்டியில் தொடர்போராட்டம் தொடங்கியது இவ்வுண்மையை உணர்த்தும். நகரத்திலும் இவ்வாறே. வெறுமையாகத் தோன்றும் கரையில் விடியற்காலையில் ஒருவன் வலை உலர்த்துவான். ஒருத்தி நண்பகலில் மீன் காயவைப்பாள். மாலையில் அளவுநூலுடன் வருபவர் இருவரையும் காணமாட்டார்.

ஆகவே பழைய பாலத்துக்கோ கோட்டைக்கோ புதுப் பயன் தேடுவோர், காலை, நண்பகல், மாலை, இரவு என்னும் நான்கு பொழுதும், மழைக்காலம் கோடைக்காலம் என்னும் இரு பருவமும் அங்கு நின்று நோக்குதல் முதற்கடன். அதன்பின் இடத்தைப் பங்கிடுதல் கைகூடும். பாலத்தில் விடியற்காலையிற் படுவான்கரை மரக்கறியும் தயிரும் விற்கும் சிறு சந்தை கூடலாம். ஒடுங்கிய அகலம் வண்டிக்குக் குறை; ஒரு வரிசைப் பாய் விரித்து மறுபுறம் மக்கள் நடப்பதற்கு அது போதும். பகலில் நடப்போருக்கும் துவிச்சக்கரவண்டியினருக்கும் வழி விடலாம். முழுநிலா இரவுகளில் விளக்கணைத்து, ஒலி கேட்போர்க்கு விடலாம். அடியில் வலை வீசுவோர்க்கு எப்பொழுதும் தடை இருத்தலாகாது.

இதற்குத் தடை பணம் என்பர். அதனினும் பெரிய தடை பொறுப்புப் பிரிந்து கிடத்தலே. வீதியும் பாலமும் ஓர் அலுவலகத்தின் பதிவேட்டில், நகரின் கரை மாநகர சபையின் பதிவேட்டில், பழங்கட்டடம் தொல்பொருட் பகுதியாரின் பதிவேட்டில், நீரின் மீன் வேறொரு பகுதியாரின் பதிவேட்டில் அடங்கும். எவருடைய செலவு என்று ஒருவரை ஒருவர் நோக்கியிருக்கும் வேளையிற் கறள் தன் தொழிலைச் செய்துகொண்டிருக்கும். சந்தையில் இடம்பெறுவோர் செலுத்தும் சிறு வரியைப் பாலத்தின் வர்ணத்துக்கென்றே தனிக் கணக்கில் வைத்து, அக்கணக்கை விற்போரும் வலைஞரும் பார்க்கக்கூடியதாய் ஆக்குதல் முதற்படியாகலாம். எத்தனை ஆண்டுக்கொருமுறை வர்ணம் பூசவேண்டும் என்பதைப் பொறியியலாளர் கணித்துக் கூறுவர். எந்தப் பொருத்தில் முதலிற் கறள் ஏறியது என்பதை அதன் கீழ் நாள்தோறும் தோணி செலுத்துவோன் அவர்க்கு முன்னரே அறிவான்.