யானை வாங்கியாயிற்று, அங்குசம்?

2017 மே 12, வெள்ளிக்கிழமை. இங்கிலாந்து அரசு மருத்துவமனைகளின் கணினித் திரைகளில் வரிசையாக ஒரு சிவப்புப் பெட்டி தோன்றியது. கோப்புகள் பூட்டப்பட்டுவிட்டன, திறக்க வேண்டுமானால் 300 டாலருக்கு பிட்காயின் அனுப்ப வேண்டும் என்று மிரட்டியது. ‘வானாக்ரை’ என்ற அந்த நச்சு நிரல் சில நாட்களுக்குள் சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான கணினிகளைப் பிடித்துவிட்டது. இங்கிலாந்தில் ஏறத்தாழ 19,000 நோயாளிகளுக்குக் குறித்திருந்த நேரம் ரத்தானதாகப் பின்னர் மதிப்பிட்டார்கள். நஷ்டம் 9.2 கோடி பவுண்டு.

அந்நாட்டுத் தணிக்கை அலுவலகத்தின் அறிக்கையில் இன்னொரு எண்ணும் இருந்தது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனர், ரத்த, திசுப் பரிசோதனைக் கருவிகள் என நோயறியும் கருவிகள் 1,220-ல் தொற்று ஏறியிருந்தது. பல கோடி ரூபாய் மதிப்புள்ள ஸ்கேனருக்குள் கணினி வைரஸ் எப்படிப் புகுந்தது?

காந்தத்தின் ஆயுள், கணினியின் ஆயுள்

எம்.ஆர்.ஐ. அறையில் நம் கண்ணில் படுவது அந்தப் பெரிய காந்தக் குழாய்தான். கண்ணாடிக்கு மறுபக்கம் டெக்னீஷியன் முன்னால் ஒரு கணினி இருக்கிறது. எந்தக் கோணத்தில், எத்தனை படம் என்று கட்டளை போவதும், வந்த படத்தை மருத்துவருக்கு அனுப்புவதும் அதன் வழியாகத்தான். பல கருவிகளில் அது ஓடுவது நம் வீட்டுக் கணினியில் ஓடும் அதே விண்டோஸில்.

நன்றாகப் பராமரித்தால் ஸ்கேனர் பத்துப் பதினைந்து ஆண்டு உழைக்கும். இயங்குதளத்துக்கு அத்தனை ஆயுள் கிடையாது. விண்டோஸ் எக்ஸ்பி 2001-ல் வந்தது. 2014 ஏப்ரல் 8-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை நிறுத்தியது. 2010-ல் எக்ஸ்பியோடு ஒரு கருவியை வாங்கிய மருத்துவமனைக்கு நான்கே ஆண்டுதான் பாதுகாப்பு. கருவிக்கோ இன்னும் பாதிக்கும் மேல் ஆயுள் பாக்கி.

ஆதரவு முடிந்த மறுநாளும் கருவி ஓடும். படம் அதே தெளிவோடு விழும். அதனால்தான் ஆபத்து வெளியே தெரிவதில்லை. புதிய பதிப்புகளில் ஓர் ஓட்டையை அடைத்து அதை அறிவிக்கும்போது, அதே ஓட்டை பழைய பதிப்பில் எங்கே இருக்கும் என்பது திருடனுக்கும் தெரிந்துவிடுகிறது. அங்கே அதை அடைக்கத்தான் ஆள் இல்லை.

படிக்கு மேல் வழிந்த அரிசி

வானாக்ரை நுழைந்த வழி, கணினிகள் தங்களுக்குள் கோப்புகளைப் பகிரப் பயன்படுத்தும் ‘எஸ்.எம்.பி.’ என்ற பழைய ஏற்பாடு. வெளியிலிருந்து வரும் ஒருவகைத் தகவலின் அளவை விண்டோஸ் அதில் தப்பாகக் கணக்கிட்டது. படியின் அளவு தெரியாமல் அரிசியைக் கொட்டுவதுபோல, ஒதுக்கிய இடத்தைத் தாண்டித் தகவல் நினைவகத்தில் வழிந்தது. வழியும் இடத்தில் தன் கட்டளை போய் விழும்படி எதிரி அமைத்துவிட்டால், கணினி அதையே தன் கட்டளையாக எடுத்து இயக்கும். யாரும் எந்த இணைப்பையும் சொடுக்க வேண்டியதில்லை. ஒரு கணினி விழுந்தால், அதே நெட்வொர்க்கில் உள்ள மற்றவற்றை அது தானே தேடிப் போகும்.

இந்த ஓட்டையைப் பயன்படுத்தும் கருவி அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையிடம் இருந்தது. அது 2017 ஏப்ரலில் இணையத்தில் கசிந்தது. அதற்கு ஒரு மாதம் முன்பே, மார்ச் 14-ம் தேதி, மைக்ரோசாஃப்ட் திருத்தத்தை வெளியிட்டிருந்தது. இங்கிலாந்து மருத்துவமனைகளில் அப்போது எக்ஸ்பி 5 சதவீதத்துக்கும் குறைவு. விழுந்தவற்றில் பெரும்பாலானவை அந்தத் திருத்தத்தைப் போடாத விண்டோஸ் 7 கணினிகள். திருத்தம் போடாத நாளிலிருந்தே ஒரு கணினி பழையதாகிவிடுகிறது.

ஏன் உடனே மாற்றுவதில்லை?

மருத்துவமனைகளின் அலட்சியம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. மருத்துவக் கருவி, அதன் மென்பொருளோடு சேர்த்துத்தான் சோதிக்கப்பட்டு அனுமதி பெறுகிறது. தயாரிப்பாளர் சரிபார்க்காமல் மருத்துவமனையே விண்டோஸை மாற்றினால், கருவி தரும் முடிவுக்கு யார் பொறுப்பு? கருவிக்குள் இருக்கும் பழைய மின்னணு அட்டைகளுக்குப் புதிய விண்டோஸில் இயக்கு மென்பொருள் இல்லாமலும் போகலாம். அப்போது கணினியை மாற்ற வேண்டுமென்றால் கருவியையே மாற்ற வேண்டிவரும்.

ஆலைகளின் நிலையும் இதுதான். 2018 ஆகஸ்டில் பிற நிறுவனங்களுக்காக ஒப்பந்தத்தில் சிப் தயாரிப்பதில் உலகின் மிகப் பெரிய நிறுவனமான தைவானின் டி.எஸ்.எம்.சி., வானாக்ரையின் ஒரு வகையால் பல ஆலைகளில் முடங்கியது. புதிதாக வந்த கருவி ஒன்றை வைரஸ் சோதனை செய்யாமல் நெட்வொர்க்கில் இணைத்ததே காரணம் என்று நிறுவனமே சொன்னது. வானாக்ரை வந்து அதற்குள் ஓராண்டு கடந்திருந்தது.

வேலியும் கையெழுத்தும்

மாற்ற முடியாத கருவிக்கு வேலி கட்டலாம். அதை மருத்துவமனையின் பொது நெட்வொர்க்கிலிருந்து பிரித்து, படம் போகும் ஒரு வழியை மட்டும் திறந்து வைக்கலாம். தேவையில்லாத கோப்புப் பகிர்வை அணைத்து, அனுமதித்த நிரல்கள் மட்டும் ஓடும்படி செய்யலாம். சர்வீஸுக்கு வருபவரின் பென் டிரைவைச் சோதிக்காமல் செருகவிடக் கூடாது. கணினியின் முழு நகல் ஒன்று தனியாக இருந்தால், தொற்று வந்தாலும் சில மணி நேரத்தில் மீளலாம்.

வேலி மட்டும் போதாது, சட்டமும் வேண்டும். ஏ.டி.எம்.களில் எக்ஸ்பியை 2019 ஜூனுக்குள் படிப்படியாக அகற்ற வேண்டும் என்று 2018-ல் ரிசர்வ் வங்கி கெடு விதித்தது. அமெரிக்காவில் 2023 முதல், இணையத்தோடு இணையும் புதிய மருத்துவக் கருவிக்கு அனுமதி கேட்கும் நிறுவனம், விற்ற பிறகு ஓட்டைகளை எப்படி அடைப்போம் என்ற திட்டத்தையும், உள்ளே உள்ள மென்பொருள்களின் பட்டியலையும் தர வேண்டும்.

விண்டோஸ் 10-ன் பொதுப் பதிப்புகளுக்கான இலவச ஆதரவும் 2025 அக்டோபர் 14-ம் தேதி முடிந்துவிட்டது. விண்டோஸ் 10-ஓடு வாங்கிய கருவிகள் இன்னும் பல ஆண்டு உழைக்கப் போகின்றன. யானை வாங்கியவர் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது என்பார்கள். ஸ்கேனருக்கு விலை பேசும் மேசையிலேயே, எத்தனை ஆண்டுக்குத் திருத்தம் வரும், இயங்குதளம் மாறினால் செலவு யாருடையது என்று கேட்டு, பதிலை ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். கையெழுத்துப் போடும்வரைதான் அந்தக் கேள்விக்கு வலு. போட்ட பிறகு காத்திருக்கப் போவது ஸ்கேன் அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் நோயாளி.