கோழி வியாதியும் ஐந்து நிமிஷக் கருவியும்

ஜெகதாப்பட்டினத்தைப் பற்றிப் பத்திரிகைகளில் வரும் செய்தி பெரும்பாலும் ஒரே மாதிரியானது. விசைப்படகு பிடிபட்டது, இத்தனை மீனவர் இலங்கைக் கடற்படையாரால் சிறை செய்யப்பட்டனர் என்பதே அது. அவ்விஷயத்தைக் குறித்து நாம் பேசியிருக்கிறோம், இனியும் பேசுவோம். இன்று அவ்வூரின் படகுத்துறையை விட்டு வீட்டுக் கொல்லைப்புறத்தை நோக்கும்படி வாசகர்களை வேண்டுகிறோம். அங்கே மேய்ந்து திரியும் நாலைந்து கோழிகளே இவ்வியாசத்தின் விஷயம். சிரிப்பவர் சிரிக்கட்டும்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கீழ்க்கடலில் மீன்பிடிக்கலாகாது என்பது சர்க்கார் விதி. படகு கரையேறிக் கிடக்கும் அந்நாட்களிலும், படகே அக்கரையில் பறிமுதலாகிப் போன நாட்களிலும், மீனவப் பெண்ணின் கைச்செலவுக்கு உதவுவது முட்டையும் கோழியுமே. ஆணின் தொழிலுக்குச் சங்கம் உண்டு, மனு உண்டு, மறியல் உண்டு. பெண்ணின் இச்சிறு முதலுக்கு யார் இருக்கிறார்கள்?

இக்கரையோரமாகவே வடகிழக்கே சென்றால் கோடியக்கரை. மாரிக்காலத்தில் பூநாரையும் உள்ளானும் வந்திறங்கும் சதுப்பு நிலம் அது. வலசைப் பறவைகள் பல தேசங்களைக் கடந்து வருவன; அவற்றுள் சில பறவைக் காய்ச்சலின் கிருமியையும் சுமக்கக்கூடும். ஜெகதாப்பட்டினத்தில் அந்நோய் கண்டதென்று நாம் சொல்லவில்லை. பறவைகளை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் நமது கருத்தன்று. கோழி ஏற்றும் வண்டியும், முட்டை அட்டையும், மனிதனின் செருப்பும் இந்நோயை ஊருக்கு ஊர் கொண்டுபோயிருக்கின்றன. அறுவடை முடிந்த காவிரிப் படுகையில் வயலுக்கு வயல் ஓட்டிச் செல்லப்படும் வாத்து மந்தைகளையும் மறத்தலாகாது. வாத்து நோய்க்குறியே காட்டாமல் கிருமியைப் பரப்ப வல்லது.

எச்5என்1 என்று சாஸ்திரிகள் பெயரிட்டுள்ள இவ்வியாதி 1997இல் ஹாங்காங்கில் 18 மனிதரைப் பற்றி 6 பேரைக் கொன்றபோதுதான் உலகம் விழித்தது. நமது தேசத்தில் 2006ஆம் ஆண்டு பிப்ரவரியில் மகாராஷ்டிரத்து நவாபூரில் அது முதன்முதல் தென்பட்டது. 2014இல் கேரளத்துக் குட்டநாட்டு வாத்துகளை வாரிக்கொண்டு போயிற்று. 2021 ஜனவரியில் அதன் உடன்பிறப்பான எச்5என்8, 2024 ஏப்ரலில் எடத்துவாவிலும் செறுதனையிலும் மறுபடி எச்5என்1. 2025இல் ஆந்திரத்துக் கோதாவரி ஜில்லாக்களில் கோழிப் பண்ணைகள் அழிந்தன. கோழிக்கு இந்நோய் கண்டால் இரண்டொரு நாளில் கொட்டகையே காலியாகும். மனிதருக்கு வருவது அபூர்வம். வந்தால் 2003 முதல் உலகில் கணக்கிடப்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் மாண்டிருக்கின்றனர். நன்றாக வெந்த இறைச்சியாலும் முட்டையாலும் தீங்கில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுவது நமது கடமை.

இனி நமது முறையீட்டுக்கு வருவோம். ஓர் ஊரில் கோழிகள் சாகின்றன. மாதிரி எடுக்கப்படுகிறது. அது போபாலிலுள்ள உயர் பாதுகாப்பு விலங்கு நோய் நிறுவனத்துக்குப் போக வேண்டும். அங்கிருந்து ஊர்ஜிதம் வந்தால்தான் நோய் நோயாகும். அதன்பின் ஒரு கிலோமீட்டர் சுற்றளவிலுள்ள பறவைகள் அனைத்தும் கொல்லப்படும். பத்துக் கிலோமீட்டர் வரை கண்காணிப்பு. ஊர்ஜிதம் போபாலில் இருப்பதை நாம் குறை கூறவில்லை. இத்தகைய பயங்கரக் கிருமியைத் திறந்த இடத்தில் வைத்துப் பார்க்கலாகாது. ஆனால் மாதிரி பிரயாணம் செய்யும் நாட்களில் கிருமி சும்மா இருக்கிறதா?

சட்டம் பயின்றவர்களுக்கு இதில் ஒரு நுட்பம் உடனே புலப்படும். 2009ஆம் ஆண்டின் விலங்கு தொற்றுநோய்ச் சட்டப்படி நோயைத் தெரிவிக்க வேண்டியது உடைமையாளனின் கடமை. நஷ்டஈடோ, மத்திய மாகாண சர்க்கார்கள் பாதிக்குப் பாதி ஏற்கும் திட்டத்தின்படி, உத்தியோகஸ்தர் கொல்லும் பறவைக்குத்தான். நோயால் தானே செத்த பறவைக்கு அன்று. 2021இல் கேரள சர்க்கார் கொல்லப்பட்ட வாத்து ஒன்றுக்கு, இரண்டு மாதத்துக்கு மேற்பட்டதாயின் ரூ.200, சிறியதாயின் ரூ.100 அறிவித்தது. ஊர்ஜிதம் தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் ஏழையின் பறவை நஷ்டஈட்டுப் பட்டியலிலிருந்து புதைகுழிக்கு நழுவுகிறது. இப்படியிருக்க, மிஞ்சிய கோழிகளை இரவோடிரவாகச் சந்தைக்கு அனுப்பிவிடுகிறான் என்று அவனை ஏசுவதில் நியாயமென்ன? தாமதமே அவனைத் திருடனாக்குகிறது.

இத்தாமதத்தைக் குறுக்கும் வழி இப்போது கண்ணுக்குத் தெரிகிறது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் சர்வகலாசாலையில் ராஜன் சக்கரவர்த்தி என்ற பேராசிரியரின் குழுவினர், கொட்டகைக் காற்றிலேயே எச்5என்1 கிருமியைக் கண்டுபிடிக்கும் உயிர்உணர்வுக் கருவி ஒன்றை 2025இல் வெளியிட்டனர். மேசைமீது வைக்கும் அச்சு இயந்திரத்தின் அளவுள்ள பெட்டி அது. காற்றை வேகமாய் உறிஞ்சிச் சுழற்றி, ஈரச் சுவரில் மோதவிட்டு, கிருமிகளைத் திரவத்தில் சிறைபிடிக்கிறது. அத்திரவம் கார்பன் மின்தகட்டின்மேல் பாய்கிறது. தகட்டில் பிரஷ்யன் நீலத் துகளும் கிராபீன் ஆக்சைடும் பூசி, இக்கிருமியை மட்டும் பற்றும் மரபணு இழைகளை ஒட்டியிருக்கிறார்கள். கிருமி ஒட்டியதும் தகட்டின் மின்தேக்கம் மாறுகிறது. ஐந்து நிமிஷத்தில் விடை. சர்க்கரை வியாதிக்காரர் ஒரு சொட்டு இரத்தத்தைத் தகட்டில் விட்டு எண் பார்க்கிறாரே, அதன் தாயாதி இது. அவ்வகைக் கருவிக்கு 1962லேயே வித்திட்டவர் லீலண்ட் கிளார்க்.

இக்கருவியை நாம் தெய்வமாகக் கொண்டாடவில்லை. ஆராய்ச்சிசாலையில் வென்றது புழுதியும் எருநாற்றமும் நிறைந்த கொட்டகையில் வெல்லுமா என்பது சோதித்தறிய வேண்டியது. கிருமி உருமாறினால் இழைகளும் மாற வேண்டும். பொய்ச் சமிக்ஞை ஒன்றை நம்பி ஊர்க் கோழிகளைக் கொல்வது கொடுமை. ஆகையால் கருவியின் சொல்லைத் தீர்ப்பாகக் கொள்ளாமல் பிராதாகக் கொள்க. சமிக்ஞை வந்தால் அன்றே வண்டிகளை நிறுத்துக. அன்றே உயிரோடுள்ள பறவைகளை எண்ணிப் பதிவு செய்க. கொலை போபால் தீர்ப்புக்குப் பிறகே. அப்பதிவே நஷ்டஈட்டுக்கு ஆதாரமாக வேண்டும். போபால் பதில் வருமுன் செத்தவையும் அக்கணக்கில் சேர வேண்டும்.

கருவியை அமெரிக்காவிலிருந்தே விலைகொடுத்து வாங்க வேண்டுமா? புதுக்கோட்டைக்குப் பக்கத்திலேயே காரைக்குடி இருக்கிறது. அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் ஈந்து, 1948இல் ஜவஹர்லால் நேரு அஸ்திவாரமிட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அங்கேதான். மின்தகடே அதன் தொழில். அண்டை ஜில்லாவின் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி. முட்டைக்குப் பேர்போன நாமக்கல்லில் மற்றொன்று; அமெரிக்கர் 2025இல் இதே நோயால் முட்டைப் பஞ்சம் வந்து நாமக்கல் முட்டையைக் கப்பலேற்றினார்கள் என்பதை நமது மந்திரிகள் நினைவுகூர்க. இம்மூன்றையும் ஒரே மேசையில் அமர்த்துவதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. ஒரு சர்க்கார் உத்தரவு போதும்.

பெரும் பண்ணைக்காரர் தம் பணத்தில் வாங்கிக்கொள்வர். முதற்கருவிகள் கரையோரக் கால்நடை மருந்தகங்களுக்கும் வாரச் சந்தைகளுக்கும் போக வேண்டுமென்பது நமது கோரிக்கை. வலசைப் பறவைகள் வந்திறங்கும் அக்டோபருக்குள் மணமேல்குடிப் பகுதியில் ஒன்றையேனும் வைத்துச் சோதிக்கும்படி புதுக்கோட்டை ஜில்லா கலெக்டரையும் கால்நடை இலாகாவையும் கேட்டுக்கொள்கிறோம். சட்டசபை அங்கத்தினர் எவரேனும் இதைக் கேள்வியாக எழுப்புவாராயின், பதிலை நாம் முழுமையாகப் பிரசுரிப்போம்.